தம்பி அடங்கிய தவணை

போன மாதம் ஒரு புது வீட்டுக் குடிபூரல் விசேஷத்தில் நம் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். ஒரு சின்னப் பிள்ளை பந்திக்கும் வாசலுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். "அந்தக் கலர் சோடாவை நிப்பாட்டினா அடங்கிரும்" என்றார் ஒருவர். "பிஸ்கட்டுதான் காரணம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கையைக் கழுவிக்கொண்டே, "நம்ம காலத்துல இந்தக் கவனக் குறைபாடெல்லாம் இருந்துச்சா? குடுத்ததைத் தின்னோம், சொன்ன எடத்துல உக்காந்தோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். எனக்கு வந்த எரிச்சலில் பாதி அதனால்தான். மீதிப் பாதியை உங்கள் தலையில் இறக்கிவைக்கவே இதை எழுதுகிறேன்.

இருந்தது, ஐயா. எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதற்கு அப்போது பெயர்தான் இல்லை.

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ இருக்கும். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறைக் காம்பரா, பக்கத்துக் காம்பரா மாமாவுக்கு. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில், அதிகாரமும் எங்கள் வீட்டில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். அப்பாவுக்கு ரப்பர் சீட்டுகளைப் புகை போடும் காம்பராவில் வேலை. அப்பா பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாமா பேசினால் எல்லோரும் கேட்போம், ஏனென்றால் மாமாவுக்குச் சிங்களம் தெரியும். பஸாரில் பேரம் பேசவும், பொலிஸில் நின்று பேசவும், தோட்டத்துத் துரையின் சாரதியிடம் செய்தி கேட்கவும் லயமே மாமாவைத்தான் கூப்பிடும்.

தம்பியைத் தண்ணீர் எடுக்கப் பீலிக்கு அனுப்பினால் அவன் போவது நிச்சயம், வருவதும் நிச்சயம். வாளிதான் வராது. வாளிக்குப் பதிலாகக் காற்சட்டைப் பை நிறைய ரப்பர் விதை வரும். விதையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி, சத்தமில்லாமல் வந்து என் புறங்கையில் வைத்துவிட்டு ஓடுவான். அவனிடம் ஒரு பந்து இருந்தது. மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்த பந்து. அதன் நாற்றம் மூன்று காம்பரா தாண்டியும் வரும். ஓங்கி அடித்தால் லயத்துத் தகரக் கூரையைத் தாண்டி எழும்பும். எந்தக் கடையிலும் அப்படி ஒரு பந்தை நான் பிறகு பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். நடுவே பலகைத் தட்டிகளை வைத்து வகுப்பு பிரித்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பில் தம்பி, இந்தப் பக்கம் நான். அவன் வகுப்பில் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். "எழும்பாத", "திரும்பாத", "வெளியில என்னா பார்வை?" இந்த மூன்றும் ஒரு பாடவேளைக்கு எத்தனை தடவை வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்து என் பாடத்தை நான் கோட்டைவிட்டதும் உண்டு.

டீச்சரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, அரை மணி நேரம் மேடு ஏறி, இரண்டு வகுப்புகளை ஒருவராகக் கட்டி மேய்த்தவர். ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெண்கள் பக்கம் வாசிக்கும் பழக்கம் இருந்தது. அதில்தான் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது.

ஒரு நாள் அம்மாவை வரச் சொல்லி அனுப்பினார். வெட்டு முடிந்து, கையில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே அம்மா வந்து நின்றார். நானும் கூட நின்றேன்.

"ஒங்க மகனுக்கு மூளை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கவனம் இல்ல. ஒரு நிமிஷம் ஒரு எடத்துல இருக்கிறானா பாருங்க."

"இல்லீங்க டீச்சர்."

"வருசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா மறுபடியும் மூணாம் வகுப்புதான். நான் ஏத்திவிட மாட்டேன்."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் லயத்தில் ஒரு வகுப்பில் இரண்டு வருடம் இருந்த பிள்ளை மூன்றாம் வருடம் கொழும்பில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கும். அப்படிப் போனவர்களின் பெயர்கள் அம்மாவுக்கு வரிசையாகத் தெரியும். அந்த வரிசையில் தன் பிள்ளையின் பெயர் சேரக் கூடாது என்பதற்காகத்தான் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவர் செய்தார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் அம்மாவைத் திட்ட நான் இதை எழுதவில்லை.

"காலையில என்னா சாப்பிடுறான்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும்ங்க."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"கையில கொஞ்சம் போடுவேன்ங்க."

"அதான்!" என்றார் டீச்சர். "சீனிதான் பிள்ளைங்கள இப்பிடி ஆட்டுது. பேப்பர்லயே போட்டிருந்தாங்க. மொதல்ல சீனிய நிப்பாட்டுங்க."

உள்ளங்கைச் சீனி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? கையைக் குழித்து நீட்டினால் ஒரு சிட்டிகை விழும். நாக்கு நுனியால் ஒரு தொடல், வெறும் தேத்தண்ணியில் ஒரு மிடறு, மறுபடி ஒரு தொடல். கோப்பை முடியும்போது சீனியும் சரியாக முடியவேண்டும். அதுதான் சாமர்த்தியம். கடைசியில் கை ரேகைக்குள் ஒட்டியிருப்பதை நக்குவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். எங்கள் வாழ்க்கையில் இருந்த சீனி மொத்தமும் அதுதான். பிள்ளையை ஆட்டிவைக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சீனி நின்றது. தம்பி நிற்கவில்லை. அப்புறம் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். முட்டை சூடு, மூளைக்கு ஏறும் என்றார் மாமா. முட்டை நின்றது. கருவாடு கிரந்தி என்று லயத்துக் கடைசி வீட்டம்மா சொன்னார். கருவாடு நின்றது. பலாக்காய் மந்தம், அன்னாசி உஷ்ணம், மரவள்ளி வாயு. ருவான்வெல்லையில் மழை விட்டாலும் பலாக்காய் விடாது. மரத்தில் காய்த்து, கீழே விழுந்து, நாய்கூட முகராமல் கிடக்கும் பலாக்காயை என் தம்பி மட்டும் தொடக் கூடாது. எடுத்ததற்குப் பதிலாக எல்லோரும் சேர்ந்து ஒன்றே ஒன்றைக் கொடுத்தார்கள். வல்லாரை. வல்லாரை தின்றால் கவனம் வரும், ஞாபகம் வரும், கணக்கு வரும். தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சும்மா முளைத்துக் கிடப்பதால் வஞ்சகமில்லாமல் வந்தது.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது தம்பி என்னிடம் கேட்டான்.

"அக்கா, டீச்சர் பேசுற நேரம் எனக்கு வயித்துக்குள்ள ஒரு சத்தம் வருது. ரெண்டுல எதக் கேக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாகச் சொன்னேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளைக்குப் பசிக்குதோ என்னமோ" என்றார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். "பசியில்ல, வாயு. பருப்பை நிப்பாட்டு" என்றார் மாமா. பருப்பும் நின்றது.

சொல்லிவிடுகிறேன், வயிறு நிறையப் போட்டிருந்தால் தம்பி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. இருந்திருக்க மாட்டான். அவன் கவனம் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அது ஒரு விஷயம், பசி வேறு விஷயம். ஒரு பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பது எங்கள் வீட்டில் படித்தவருக்கும் தெரியவில்லை, படிக்காதவருக்கும் தெரியவில்லை. ஒன்றுக்கு மருந்து என்று மற்றதை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதற்கும் ஒரு டொக்டரிடமும் காட்டுங்கள் என்றார் டீச்சர். அவர் சொன்னதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். பஸாரில் ஒரு லேடி டொக்டர் பின்னேரங்களில் மருந்து கொடுப்பார். பகலில் ஆஸ்பத்திரியில் வேலை. சிங்களம்தான் பேசுவார். அம்மா, மாமா, தம்பி, நான் நாலு பேரும் போனோம்.

டொக்டர் தம்பியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அம்மாவைப் பார்த்து, ரத்தம் குறைவு என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அழுத்தமாக ஒரு வாக்கியம் சொன்னார். அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

"கேம கென ஹொந்தட்ட அவதானய தென்ன ஓனே."

மாமா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் அம்மா, "என்னாண்ணே சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ரத்தம் கொறவாம். சாப்பாட்டுல அவதானம இருக்காம். நான் அப்பவே சொல்லல? திங்கிற சாப்பாடுதான் புள்ளைய கெடுக்குது."

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். சிங்களத்தில் 'அவதானம' என்றால் ஆபத்து. அது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல். முந்தின வருடம் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது அரசாங்கக் கந்தோர் அதிகாரிகள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் 'அவதானம, அவதானம' என்று கத்திவிட்டுப் போனார்கள். ஆனால் டொக்டர் சொன்னது 'அவதானய'. அப்படி என்றால் கவனம். சாப்பாட்டை நன்றாகக் கவனியுங்கள் என்று அந்த அம்மா சொன்னார். பேரம் பேசும் சிங்களத்தில் அந்தச் சொல் வராது. மாமா இருபது வருடம் பேசிய சிங்களத்தில் தேங்காய் விலை இருந்தது, பொலிஸ்காரரின் கோபம் இருந்தது, அவதானய இருக்கவில்லை.

எனக்கு அது தெரியும். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பிள்ளைகளோடு விளையாடித்தான் எனக்குச் சிங்களம் வந்தது. அங்கே ஒரு டீச்சர் பிரம்பால் மேசையில் தட்டி, "ளமய், அவதானயெங் இன்ன!" என்பார். பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக் கரும்பலகையைப் பார்ப்பார்கள். யாரும் எழுந்து ஓடியதில்லை. ஆகவே அது ஆபத்து இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் சொன்னேன். "மாமா, அது ஆபத்து இல்ல. கவனிக்கச் சொல்றாங்க."

"நீ நேத்துப் பொறந்தவ. நான் இருபது வருசமா சிங்களம் பேசுறேன்" என்றார் மாமா. அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தார். "பெரியவங்க பேசயில வாயத் தொறக்காத."

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியதற்குக் கிள்ளு காரணம். அதற்குப் பிறகும் மூடியிருந்ததற்குக் காரணம் வேறு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களிடம் ஒரு கோழி இருந்தது. தம்பிக்கு ஆகாத முட்டை வீணாகக் கூடாது என்று அம்மா அதை எனக்கு அவித்துக் கொடுக்க ஆரம்பித்தார். "நீயாச்சும் தின்னு." என் வாழ்க்கையில் முழு முட்டை அதுவரை கிடைத்ததில்லை. எப்போதும் நூலால் அறுத்த பாதிதான். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்பேன். தம்பி கஞ்சியும் வல்லாரையும் இருந்த பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மஞ்சக்கரு எப்பிடி இருக்கு அக்கா?" என்று கேட்பான்.

"நல்லால்ல" என்பேன், வாயில் வைத்துக்கொண்டே.

டொக்டர் கொடுத்த மாத்திரைகளை மட்டும் அம்மா ஒரு வேளை விடாமல் கொடுத்தார். மூன்றாம் நாள் தம்பி கறுப்பாக வெளிக்குப் போனான். இரும்புச் சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அன்றைக்கு மாமா கக்கூஸ் வாசலில் நின்று, சாப்பிட்ட நஞ்செல்லாம் இறங்குகிறது என்று தீர்ப்புச் சொன்னார். இறங்குகிற நேரத்தில் மேலும் போட்டு அடைக்கக் கூடாதாம். கஞ்சியில் இருந்த சோறும் குறைந்தது. அதே வாரத்தில் ஒட்டுப்பால் பந்தும் அடுப்புக்குள் போனது. படிக்கிற பிள்ளைக்குப் பந்து எதற்கு? அது எரிந்தபோது எழுந்த கரும்புகையில் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடி நின்று இருமினோம். தம்பி மட்டும் அழாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் விதை பொறுக்கப் போகவே இல்லை.

அப்புறம் அந்த அதிசயம் நடந்தது. தம்பி அடங்கினான்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து "எழும்பாத" வரவில்லை. "திரும்பாத" வரவில்லை. அவன் மேசையில் இரண்டு கையையும் வைத்து, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் கரும்பலகையில் 'பசி வந்திடப் பத்தும் பறந்து போம்' என்று உறுப்பெழுத்துக்கு எழுதிப் போட்டிருந்தார் டீச்சர். தம்பி அதைப் பத்துத் தடவை கோட்டுக்கு மேல் ஏறாமல், கீழே இறங்காமல் எழுதினான். டீச்சர் அந்தக் கொப்பியை எங்கள் வகுப்புக்கும் கொண்டுவந்து காட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

லயத்தில் அம்மாவின் மதிப்பு ஏறியது. பீலியடியில் பெண்கள் அம்மாவிடம் முறை கேட்டார்கள். எத்தனை கைப்பிடி வல்லாரை, கஞ்சிக்கு உப்புப் போடலாமா கூடாதா. கேட்டுப் போய் அவரவர் பிள்ளைகளின் பீங்கானில் கை வைத்தார்கள். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். "அடியாத மாடு படியாதும்பாங்க. நாம அடிக்காமலே படிய வச்சோம்" என்று பஸாரில்கூடச் சொன்னாராம்.

காலையில் பள்ளிக்கூட மேட்டில் தம்பி என் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தான். முன்பெல்லாம் எனக்கு முன்னால் ஓடி, மேலே நின்று கல் எறிந்தவன். பாதி மேட்டில், "அக்கா, கொஞ்சம் இரு" என்பான். பிந்துகிறதே என்று நான் இழுத்துக்கொண்டு போவேன். அவன் கை குளிர்ந்து இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, தெரிந்ததாக நான் வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த வருடத்தின் கடைசித் தவணை முடிகிற நாள். பரிசு கொடுக்கும் கூட்டம். பெற்றோரும் வந்திருந்தார்கள். அம்மா கல்யாணச் சேலையில், மாமா கலர் கண்ணாடியில். டீச்சர் ஒலிபெருக்கி இல்லாமலே கணீரென்று அறிவித்தார். "இந்த வருஷம் நல்லா திருந்தின மாணவனுக்கு ஒரு விசேஷப் பரிசு." அவன் பெயரைச் சொன்னார். மண்டபமே கை தட்டியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

தம்பி எழுந்து போனான். மெதுவாக, நேராக, ஒரு பெரிய மனிதனைப் போல நடந்து டீச்சருக்கு முன்னால் போய் நின்றான். டீச்சர் கலர் பென்சில் பெட்டியை நீட்டினார். அவன் அதை வாங்காமல் அப்படியே மடிந்து டீச்சர் காலடியில் விழுந்தான்.

கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது. விழுந்து கும்பிடுகிறானாம். "பாத்தியா மரியாதைய!" என்றார் மாமா. டீச்சர் நெகிழ்ந்துபோய்க் குனிந்து அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்றார். எல்லோரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் எழும்பவில்லை. டீச்சர், "சரி, எழும்பு கண்ணா" என்றார். பிறகும் எழும்பவில்லை. முதலில் ஓடியது அப்பா. அவர் வேலையிலிருந்து நேராக வந்து, அழுக்கு உடுப்பு என்று வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர். புகை நாறும் அந்தச் சட்டையோடு மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் அம்மாதான் இருந்தார். தம்பியின் கையில் சேலைன் ஏற்றிவிட்டு எங்களிடம் வந்தார். பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்று சிங்களத்தில் கேட்டார். மாமா வாயைத் திறந்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். இரண்டு மாதம் மூடியிருந்த வாய் அது. காலையில் கஞ்சித் தண்ணீர், பகல் வல்லாரை, இரவு கஞ்சித் தண்ணீர் என்று சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் என்னையே பார்த்தார்.

"யார் இப்படிக் கொடுக்கச் சொன்னது?"

"நீங்கள்தானாம். சாப்பாடு அவதானம என்று."

டொக்டருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவர் கண்ணை மூடித் திறந்தார். மாமா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "என்னா சொல்றாங்க? என்னா சொல்றாங்க?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். டொக்டர் மாமாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"நீ இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறாய். அன்றைக்கு நீயும் கூட வந்திருந்தாயே?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிழைத்துவிட்டான். பயப்படாதீர்கள். ஐந்தாம் நாள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் தாவி, நர்ஸின் தட்டைத் தட்டிவிட்டுக் கண்ணாடிக் குப்பி ஒன்றை உடைத்தான். நர்ஸ் கத்தினார். அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். வீட்டுக்கு வந்ததும் முட்டை, பருப்பு, பலாக்காய் எல்லாம் பீங்கானுக்குத் திரும்பின. மாமா சில காலம் தன் காம்பராவிலேயே சமைத்துச் சாப்பிட்டார்.

கொடுமை அத்தோடு முடியவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டாம் கிழமை டீச்சர் மறுபடி அம்மாவைக் கூப்பிட்டார்.

"நாலுக்கு ஏத்திவிட்டேன், பழையபடி ஆயிட்டானே. இப்பிடின்னா திருப்பி மூணுலதான் போடணும். நல்லாத்தானே வந்துச்சு. அந்தச் சாப்பாட்டு முறைய விட்டுட்டீங்களா?"

அம்மா அதுவரை டீச்சருக்கு 'இல்லீங்க', 'ஆமாங்க' தவிர வேறு பதில் சொன்னதில்லை.

"விட்டுட்டோம் டீச்சர். அவன் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும். இருந்தாப் போதும்."

மறுபடி ஒரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தான். பிறகு ஆறாம் வகுப்பிலும் ஒரு தடவை தங்கினான். கொழும்புக்கு அம்மா அனுப்பவில்லை. பத்தோடு படிப்பை விட்டுவிட்டு வயரிங் வேலை பழகினான். இப்போது கேகாலையில் குடும்பத்தோடு இருக்கிறான். கைராசிக்காரன். ஆனால் ஒரு வீட்டில் பாதி வேலையில் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவான். ஆட்கள் எனக்குப் போன் எடுத்துத் திட்டுவார்கள்.

முந்தாநாள் அவனே எடுத்தான்.

"அக்கா, மகளோட டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. கவனமே இல்லயாம். அம்மா எனக்குக் குடுத்தாங்கள்ள அந்தச் சாப்பாட்டு முறை, அத ஒருக்கா சொல்லேன். ரெண்டு கெழமையா நாங்களே கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டிக்கிட்டு வாறோம். இப்ப பரவாயில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. உனக்குப் புத்தி இருக்கிறதா, செத்துப் பிழைத்தாயே, மண்டபத்தில் விழுந்து கிடந்தாயே, அதெல்லாம் மறந்துபோச்சா என்று கத்தினேன்.

"விழுந்தது ஞாபகம் இல்ல அக்கா" என்றான். "அதுக்கு முன்னாடி எல்லாரும் கை தட்டினது ஞாபகம் இருக்கு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கள்ள. படிச்ச காலத்துலயே அந்த ஒரு தடவதான் என்னய நல்ல புள்ளைன்னு சொன்னாங்க. மகளுக்கும் அது கெடைக்கட்டுமேன்னு பாத்தேன்."

மகளிடம் போனைக் கொடு என்றேன். எட்டு வயது. போனை வாங்கினால் மூச்சு விடாமல் பேசி, பாதியில் போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை.

"என்னாம்மா செய்யிற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா உக்காந்திருக்கேன்."

மூன்று பஸ் மாறி அன்றைக்கே கேகாலைக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.